ஸ்க்ரோல்பார் வந்துவிட்டது, ஆனால் எதுவும் நகரவில்லை

கேள்வி | 11 ஜனவரி 2025, இரவு 10.15

டிகின்டரில் (பைத்தானில் விண்டோ, பட்டன் எல்லாம் செய்ய உதவும் நூலகம்) ஒரு படிவம் செய்கிறேன். 60 வரிசை, ஒவ்வொன்றிலும் ஒரு லேபிள், ஒரு என்ட்ரி பெட்டி, ஒரு பட்டன். ஃப்ரேமுக்கு (மற்றவற்றை அடுக்கி வைக்கும் பெட்டி) நேரடியாக ஸ்க்ரோல்பார் மாட்ட முடியாது, அதைக் கேன்வாஸுக்குள் (வரைபலகை) வைக்க வேண்டும் என்று படித்தேன். வைத்தேன். ஸ்க்ரோல்பார் வலது ஓரத்தில் வந்து நிற்கிறது. இழுத்தால் அசையவே இல்லை. விண்டோ திரையைத் தாண்டிக் கீழே போய்விடுகிறது, கடைசி இருபது வரிசை கண்ணில் படவே இல்லை. டிகின்டரில் இந்த வசதியே உடைந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இல்லை என்பவர்கள் காரணம் சொல்லவும்.

குறிப்பு 1 | 11 ஜனவரி, இரவு 10.50

உடையவில்லை. ஃப்ரேமை கேன்வாஸுக்குள் பேக் என்ற அடுக்கும் கட்டளையால் வைத்திருக்கிறீர்கள், பந்தயம் கட்டுகிறேன்.

ஸ்க்ரோல்பாரில் நகரும் கட்டையைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை முழு நீளத்துக்கு நிற்கிறதா? அப்படியானால் கேன்வாஸ் உங்களிடம் சொல்வது இதுதான்: "என்னிடம் இருப்பது எல்லாம் ஏற்கனவே தெரிகிறது, எதை நகர்த்தச் சொல்கிறாய்?" பேக் செய்த ஃப்ரேம் கேன்வாஸின் சரக்கு அல்ல. கேன்வாஸின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர். கேன்வாஸ் தான் வரைந்த பொருள்களை மட்டுமே நகர்த்தும், ஸ்டிக்கரைத் தொடாது. போதாக்குறைக்கு, பேக் செய்ததுமே கேன்வாஸ் அந்த ஃப்ரேமின் அளவுக்குத் தன்னை நீட்டிக்கொள்ளும். விண்டோ திரையைத் தாண்டி ஓடுவது அதனால்தான்.

பேக் வரியை எடுத்துவிட்டு கிரியேட்_விண்டோ போடுங்கள், அது ஃப்ரேமை கேன்வாஸின் சொந்தப் பொருளாக்கும். இடம் 0, 0. ஆங்கர் என்டபிள்யூ, அதாவது ஃப்ரேமின் மேல் இடது மூலை அந்த இடத்தில். ஆங்கரை மறந்தால் ஃப்ரேமின் நடுப்புள்ளி போய் அந்த 0, 0 மூலையில் உட்காரும். அப்புறம் ஸ்க்ரோல்ரீஜனை (உருள வேண்டிய பரப்பு) பிபாக்ஸ் ஆல் (எல்லாப் பொருளையும் சுற்றிய சதுரம்) என்று கொடுங்கள். அவ்வளவுதான்.

குறிப்பு 2 | 12 ஜனவரி, காலை 7.20

அவ்வளவுதான் இல்லையாம். கேட்டவர் ராத்திரியே முயன்று பார்த்து எழுதியிருக்கிறார்: விண்டோ இப்போது ஒழுங்கான அளவில் இருக்கிறது, வரிசைகள் தெரிகின்றன, ஆனால் கட்டை இன்னும் முழு நீளம், உருளவில்லை.

தப்பு என் மேல். ஸ்க்ரோல்ரீஜனை எப்போது கொடுப்பது என்று சொல்லாமல் தூங்கப் போய்விட்டேன். பட்டன்களை உருவாக்கிய அடுத்த வரியிலேயே பிபாக்ஸைக் கேட்டால், ஃப்ரேம் இன்னும் தன் அளவைக் கணக்குப் போட்டிருக்காது. 60 குழந்தைகள், அதாவது வரிசைகள், உள்ளே இருந்தாலும் அதன் அளவு அப்போதைக்கு ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல்தான். டிகே (டிகின்டருக்கு அடியில் ஓடும் எந்திரம்) அந்தக் கணக்கைக் கை சும்மா இருக்கும்போதுதான் போடும். ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். நன் (None, ஒன்றுமில்லை) என்று வந்தால் இன்னும் மோசம்: கேன்வாஸில் ஒரு பொருளும் இல்லை, பேக் வரி எங்கோ மிச்சமிருக்கிறது.

உள்ளே இருக்கும் ஃப்ரேமின் கான்ஃபிகர் நிகழ்வைப் (அளவு மாறும்போது வருவது) பிடித்து, அது வரும்போதெல்லாம் ஸ்க்ரோல்ரீஜனைப் புதிதாகக் கொடுங்கள். பிறகு 61ஆவது வரிசையைச் சேர்த்தாலும் தானாகச் சரியாகும். அப்டேட்_ஐடில்டாஸ்க்ஸ் என்று ஒரு வரி போட்டு, அந்தக் கணக்கை உடனே போட வைத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். முதல் தடவை வேலை செய்யும்.

குறிப்பு 3 | 12 ஜனவரி, மதியம் 1.05

இப்போது உருள்கிறது என்கிறார். கூடவே, "அண்ணா, இதை மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் புரியவில்லை" என்றும். அண்ணன் பதவிக்கு நன்றி சொல்ல நேரமில்லை, புரியாத விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்க்ரோல் என்பதில் இரண்டு உயரங்கள் இருக்கின்றன. ஒன்று ஜன்னலின் உயரம், நாம் எட்டிப் பார்க்கிற ஓட்டை. இன்னொன்று அதன் பின்னால் நிற்கும் சரக்கின் உயரம். ஜன்னல் 400 பிக்சல், சரக்கு 1680 பிக்சல் என்றால் கட்டையின் நீளம் ஸ்க்ரோல்பாரில் கால்வாசிக்கும் கொஞ்சம் குறைவு. ஸ்க்ரோல்பாருக்குப் பிக்சலே தெரியாது. 0க்கும் 1க்கும் நடுவே இரண்டு எண்கள்தான் அதற்குப் போகும்: ஜன்னல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது. 0.0, 1.0 என்று போனால் கட்டை முழு நீளம். உங்களுக்கு இரண்டு நாளாக நடந்தது அதுதான்.

ஜன்னலின் உயரத்தை வெளியில் இருப்பவர் முடிவு செய்ய வேண்டும். சரக்கின் உயரத்தை உள்ளே இருப்பவை முடிவு செய்ய வேண்டும். ஜன்னலே உள்ளே திரும்பி "உனக்கு எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டு அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டால், அது ஜன்னல் இல்லை, சுவரையே இடித்தாகிவிட்டது. பேக் செய்தபோது நடந்தது அந்த இடிப்பு.

குறிப்பு 4 | 12 ஜனவரி, மதியம் 1.30

அகலத்துக்கு இது அப்படியே தலைகீழ், அதை எழுத மறந்தேன். மேலும் கீழும் மட்டும் உருளும் படிவத்தில், அகலம் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். உயரம் உள்ளிருந்து வெளியே வர வேண்டும். டிகேயில் இது தானாக நடக்காது. கேன்வாஸின் கான்ஃபிகர் நிகழ்வைப் பிடித்து, கிரியேட்_விண்டோ உருவாக்கிய பொருளின் அகலத்தை ஐட்டம்கான்ஃபிகர் வழியாக மாற்ற வேண்டும். இல்லையென்றால் விண்டோவை இழுத்துப் பெரிதாக்கும்போது வரிசைகள் இடது மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கும், வலது பக்கம் பாலைவனம்.

ஆக இரண்டு கான்ஃபிகர். ஃப்ரேமுடையது உயரத்துக்கு, கேன்வாஸுடையது அகலத்துக்கு. மாற்றிப் போட்டுவிட்டு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு.

குறிப்பு 5 | 14 ஜனவரி, இரவு 9.10

எதிர்பார்த்த அடுத்த கேள்வி வந்தாயிற்று: மவுஸ் சக்கரம் வேலை செய்யவில்லை. ஸ்க்ரோல்பாரைப் பிடித்து இழுத்தால் நகர்கிறது, படிவத்தின் மேல் சக்கரத்தைச் சுழற்றினால் ஒன்றுமில்லை.

சக்கர நிகழ்வு கேன்வாஸுக்குப் போவதில்லை. மவுஸின் அடியில் இருக்கும் பட்டனுக்கோ லேபிளுக்கோ போகிறது. லேபிளுக்குச் சக்கரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, வாங்கிக் கீழே போட்டுவிடுகிறது. டிகேயில் அது தானாகப் பெற்றோருக்கு, அதாவது அதைச் சுமக்கும் பெட்டிக்கு, ஏறிப் போகாது. கேன்வாஸில் மட்டும் பைண்ட் செய்தால் (நிகழ்வை நம் செயற்கூறோடு கட்டினால்), வரிசைகளுக்கு நடுவே தெரியும் வெறும் இடத்தில் கூட வேலை செய்யாது, ஏனென்றால் அதுவும் ஃப்ரேமின் இடம்.

எளிய வழி பைண்ட்_ஆல். எந்த விட்ஜெட் (பட்டன், லேபிள் போன்ற உறுப்பு) மேல் சுழற்றினாலும் நம் கைக்கு வரும்.

அடுத்த தொல்லை எண்கள். விண்டோஸில் ஒரு சொடுக்குக்கு டெல்டா (எவ்வளவு சுழன்றது என்ற எண்) 120, அதன் மடங்குகள். மேக்கில் டிகே 8.6 வரை 1, 2 என்று சின்ன எண்கள். லினக்ஸில் சக்கர நிகழ்வே வராது, 4ஆம் பட்டன் அழுத்தப்பட்டது, 5ஆம் பட்டன் அழுத்தப்பட்டது என்று வரும். 2024 செப்டம்பரில் வந்த டிகே 9.0 இந்த மூன்றையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் பலர் கணினியில் இன்னும் 8.6 தான் குடியிருக்கிறது, அதனால் மூன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. டெல்டாவை 120ஆல் முழு எண் வகுத்தல் செய்து, மைனஸ் போட்டு, ஒய்வியூ_ஸ்க்ரோலுக்குக் (இத்தனை யூனிட் உருட்டு என்னும் கட்டளை) கொடுத்திருந்தேன். விண்டோஸில் அருமை. மேக் வைத்திருந்த நண்பர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கீழே போகிறது, மேலே வரமாட்டேன் என்கிறது" என்றார். நான் நம்பவில்லை. அவர் சக்கரம் உடைந்திருக்கும் என்று கூடச் சொன்னேன். கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் முகத்தில் அறைந்தது: பைத்தானில் 1ஐ 120ஆல் முழு எண்ணாக வகுத்தால் 0. மைனஸ் 1ஐ வகுத்தால் மைனஸ் 1, ஏனென்றால் பைத்தான் கீழ்நோக்கி முழுமையாக்கும். ஆக ஒரு திசையில் நகரும், மறு திசையில் பூஜ்யம். அவர் சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை.

குறிப்பு 6 | 14 ஜனவரி, இரவு 9.25

ஒரு யூனிட் என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஒய்ஸ்க்ரோல்இன்கிரிமென்ட் கொடுக்காவிட்டால், தெரியும் பகுதியில் பத்தில் ஒரு பங்கு. வரிசையின் உயரத்தையே கொடுத்துவிடுங்கள், ஒரு சொடுக்குக்கு ஒரு வரிசை.

ஜாவாவின் ஸ்விங் நூலகத்தில் இது வேறு கூத்து. ஒரு ஜேபேனலை ஜேஸ்க்ரோல்பேனுக்குள் போட்டால் யூனிட் 1 பிக்சல். சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும். செட்யூனிட்இன்கிரிமென்ட்டில் 16 கொடுத்தால் உயிர் வரும். இத்தனை காலம் கழித்தும் அந்த 1 அப்படியே இருக்கிறது.

குறிப்பு 7 | 17 ஜனவரி, காலை 6.45

குறிப்பு 5இல் "எளிய வழி பைண்ட்_ஆல்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அதாவது பாதி.

கேட்டவர் இடது பக்கம் ஒரு உருளும் பகுதி, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு வைத்தாராம். எங்கே சுழற்றினாலும் வலதுதான் நகர்கிறதாம். வேறு எப்படி நடக்கும்? பைண்ட்_ஆல் என்றால் ஊருக்கெல்லாம் ஒரே தலையாரி. இரண்டாவதாக வந்தவர் முதல்வரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்.

மவுஸ் உள்ளே வரும்போது கட்டு, வெளியே போகும்போது அவிழ் என்று என்டர், லீவ் இரண்டையும் வைத்து ஒரு வழி இருக்கிறது, பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளும் பகுதிகள் வந்தால் அது தடுமாறும்: உள்ளே இருப்பதை விட்டு வெளியே வந்தால் அவிழ்த்துவிடும், வெளிப்பகுதிக்குக் கட்ட ஆள் இருக்காது.

நான் இப்போது செய்வது வேறு. நிரல் முழுவதற்கும் ஒரே ஒரு பைண்ட்_ஆல். அதன் கையாளும் செயற்கூறு, நிகழ்வு வந்த விட்ஜெட்டிலிருந்து மாஸ்டர் (அதைச் சுமக்கும் பெட்டி), அதன் மாஸ்டர் என்று மேலே ஏறிக்கொண்டே போகும். வழியில் முதலில் எந்த உருளும் பகுதி எதிர்ப்படுகிறதோ அதை நகர்த்தும். அது ஏற்கனவே எல்லையில் முட்டிக்கொண்டிருந்தால் இன்னும் மேலே ஏறி அடுத்ததைத் தேடும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரி.

ஏறும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. டிடிகே (டிகேயின் புதுத் தோற்ற உறுப்புகள்) காம்போபாக்ஸைத் திறந்து, தொங்கும் பட்டியலின் மேல் சுழற்றினால், நிகழ்வில் வரும் விட்ஜெட் ஒரு பைத்தான் பொருளாக இருக்காது, வெறும் எழுத்துச் சரமாக இருக்கும். சரத்துக்கு மாஸ்டர் ஏது? கன்சோலில் சிவப்பாகக் கொட்டும். சரமா என்று முதல் வரியிலேயே பார்த்து, ஆமென்றால் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

குறிப்பு 8 | 17 ஜனவரி, காலை 6.50

இன்னொன்று. சரக்கு ஜன்னலை விடச் சின்னதாக இருக்கும்போதும் சக்கரம் அதை நகர்த்திவிடும், நாலே வரிசை கேன்வாஸின் நடுவில் மிதக்கும். ஒய்வியூ 0.0, 1.0 என்று திருப்பினால் ஒன்றும் செய்யாதே என்று ஒரு நிபந்தனை போடுங்கள்.

குறிப்பு 9 | 23 ஜனவரி, இரவு 11.30

காம்போபாக்ஸ் என்றதும் பழைய காயம் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் நீளும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்துக்குச் சரக்கு இருப்புப் படிவம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். நீளமான படிவம், ஒவ்வொரு வரிசையிலும் வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு காம்போபாக்ஸ். உருளும் பகுதி, சக்கரம் எல்லாம் கச்சிதம். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள்: பதிந்த வகைகள் தானாக மாறுகின்றனவாம். யாரும் தொடவில்லை என்று சத்தியம் செய்தார்கள். நான் டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டேன், சேமிக்கும் பகுதியைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் பதிபவர்களையே சந்தேகப்பட்டேன்.

ஒரு நாள் அங்கே போய் ஒருவரின் பின்னால் நின்று பார்த்தேன். அவர் கடைசி வரிசையை நிரப்பினார். சரிபார்க்க மேலே போக வேண்டும், சக்கரத்தைச் சுழற்றினார். படிவம் மேலே ஓடியது. ஓடும்போது மவுஸின் அடியில் ஒரு காம்போபாக்ஸ் வந்து நின்றது. அடுத்த சொடுக்கு அதற்குப் போனது. "பெரியது" என்றிருந்தது "நடுத்தரம்" ஆயிற்று. அவர் பார்த்துக்கொண்டிருந்தது திரையின் மேல்பகுதியை. மாறியது அவருக்குத் தெரியவே இல்லை, எனக்கும் அருகில் நின்று உற்றுப் பார்த்ததால்தான் தெரிந்தது.

வேலியே பயிரை மேய்ந்த கதை. டிடிகே காம்போபாக்ஸின் வகுப்பு பைண்டிங்கிலேயே (எல்லா காம்போபாக்ஸுக்கும் பொதுவானது) சக்கரத்துக்கு மதிப்பை மாற்றும் வேலை எழுதியிருக்கிறது. தேவையில்லை என்றால் பைண்ட்_கிளாஸ் வழியாக டிகாம்போபாக்ஸுக்கு (அந்த வகுப்பின் பெயர்) அதை வெறுமையாக்குங்கள், லினக்ஸுக்கு 4, 5 பட்டன்களையும் சேர்த்து. ஸ்பின்பாக்ஸுக்கும் இதே மருந்து.

க்யூட்டி (Qt) என்ற இன்னொரு விண்டோ நூலகத்திலும் இதே நோய்தான். க்யூகாம்போபாக்ஸ், க்யூஸ்பின்பாக்ஸ் இரண்டும் ஃபோகஸ் (தட்டுவது போய்ச் சேரும் இடம் என்ற நிலை) இல்லாமலே சக்கரத்தை வாங்கிக்கொள்ளும். ஃபோகஸ் பாலிசியை ஸ்ட்ராங்ஃபோகஸ் ஆக்கி, ஃபோகஸ் இல்லாதபோது சக்கர நிகழ்வை இக்னோர் செய்தால், அது மேலே ஏறி ஸ்க்ரோல்ஏரியாவுக்குப் போய்ச் சேரும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

குறிப்பு 10 | 24 ஜனவரி, காலை 8.00

க்யூட்டியைப் பற்றிப் பேச்சு வந்ததால் வேறொருவர் நுழைந்திருக்கிறார்: "க்யூஸ்க்ரோல்ஏரியாவில் ஒரு லேஅவுட் போட்டு அதில் பட்டன்களைச் சேர்த்தேன், ஸ்க்ரோல்பாரே வரவில்லை."

லேஅவுட்டை ஏரியாவுக்கே போட்டுவிட்டீர்கள். ஜன்னல் சட்டத்தின் மேல் ஆணி அடித்த மாதிரி. தனியாக ஒரு க்யூவிட்ஜெட், அதற்கு லேஅவுட், அந்த லேஅவுட்டில் பட்டன்கள், பிறகு அந்த விட்ஜெட்டை செட்விட்ஜெட். வரிசையும் முக்கியம்: லேஅவுட் முதலில், செட்விட்ஜெட் பிறகு. கூடவே செட்விட்ஜெட்ரீசைசபிள் ட்ரூ. அது இயல்பாக ஃபால்ஸ்.

பட்டன்கள் குறைவாக இருக்கும்போது ஒன்றுக்கொன்று ஒரு முழம் இடைவெளி விட்டு நிற்கும். லேஅவுட்டின் கடைசியில் ஒரு ஆட்ஸ்ட்ரெச் போடுங்கள், மேலே ஒதுங்கும்.

குறிப்பு 11 | 24 ஜனவரி, காலை 8.20

அதே நபர்: "புது வரி சேர்த்ததும் அடிக்கு ஓட வேண்டும், செட்வேல்யூவில் மேக்ஸிமம் கொடுக்கிறேன், எப்போதும் ஒரு வரி மிச்சம் நிற்கிறது."

பழைய குருடி கதவைத் திறடி. குறிப்பு 2இல் டிகேக்குச் சொன்னதேதான். நீங்கள் மேக்ஸிமம் கேட்கும் கணத்தில் லேஅவுட் இன்னும் புது வரியைக் கணக்கில் எடுக்கவில்லை, பழைய மேக்ஸிமத்தைத்தான் தருகிறது. ஸ்க்ரோல்பாரின் ரேஞ்ச்சேஞ்ச்டு சிக்னலைப் பிடியுங்கள், எல்லை மாறிய பிறகு அது வரும், அப்போது ஓடலாம்.

ஆனால் படிப்பவர் மேலே எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது அடிக்கு இழுத்துப் போகாதீர்கள். ஏற்கனவே அடியில் இருந்தாரா என்று பார்த்துவிட்டு இழுங்கள். அரட்டை மாதிரி நிரல்களில் இதை மறப்பவர்களைச் சபித்திருக்கிறேன்.

குறிப்பு 12 | 2 பிப்ரவரி, மாலை 5.40

கேட்டவர் இப்போது 60இலிருந்து 1400 வரிசைக்குப் போயிருக்கிறார். லினக்ஸில் ஓட்டுகிறார். "1170 வரிசை வரை தெரிகிறது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். வரிசைகள் இருக்கின்றன, உள்ளே மதிப்பு கூட இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது" என்கிறார்.

உங்கள் வரிசையின் உயரம் 28 பிக்சலா? 32767ஐ 28ஆல் வகுத்துப் பாருங்கள். 1170 சொச்சம்.

அந்த 32767 எங்கிருந்து வருகிறது? லினக்ஸில் திரையில் விண்டோக்களை வரையும் எக்ஸ்11 நெறிமுறையில் ஒரு விண்டோவின் இடம் அதன் பெற்றோரை வைத்து 16 பிட் குறியுள்ள எண்ணாகச் சொல்லப்படுகிறது. மைனஸ் 32768 முதல் 32767 வரை. டிகேயில் ஒவ்வொரு லேபிளும் ஒவ்வொரு பட்டனும் தனித்தனி எக்ஸ்11 விண்டோ. 32767ஐத் தாண்டிய இடத்தைச் சொல்ல அந்த 16 பிட்டில் வழியே இல்லை. எண் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போய்விடும்: 1300ஆவது வரிசை கீழே இருக்க வேண்டியது, எங்கோ தலைக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கும். பேய் இல்லை, எண் தீர்ந்துவிட்டது.

குறிப்பு 13 | 2 பிப்ரவரி, மாலை 6.15

ஆழம் தெரியாமல் காலை விட்டது கேட்டவர் மட்டும் இல்லை. முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: எத்தனை வரிசை வரும்? 60 என்றதும் 60தான் என்று நம்பிவிட்டேன். எந்தப் படிவமும் சொன்ன எண்ணிக்கையில் நின்றதில்லை.

உருளும் பெட்டி என்பது எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துவிட்டு, அதில் ஒரு துண்டை மட்டும் காட்டும் ஏற்பாடு. 1400 வரிசை, ஒவ்வொன்றிலும் மூன்று விட்ஜெட் என்றால் 4200 விட்ஜெட். திரையில் தெரிவது அறுபதோ எழுபதோ. மிச்ச நாலாயிரம் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறது.

படிக்க மட்டும் என்றால் டிடிகே ட்ரீவியூவுக்கு மாறுங்கள். அதற்கு ஒய்வியூ பிறப்பிலேயே உண்டு, கேன்வாஸ் வித்தை எதுவும் வேண்டாம். வரிசைகள் அதில் வெறும் தரவு, விட்ஜெட் அல்ல, 16 பிட் தொல்லையும் இல்லை. க்யூட்டியில் க்யூடேபிள்வியூவும் மாடலும். ஆண்ட்ராய்டில் ஸ்க்ரோல்வியூவை விட்டு ரீசைக்ளர்வியூவுக்குப் போவதும் இதே காரணத்துக்குத்தான்.

ஒவ்வொரு வரிசையிலும் தட்டச்சு செய்ய வேண்டும் என்றால்தான் சிக்கல். அதை யோசித்துவிட்டு வருகிறேன்.

குறிப்பு 14 | 4 பிப்ரவரி, இரவு 10.00

யோசிப்பதற்குள் பேச்சு ஃப்ளட்டருக்கு (கைபேசிச் செயலிகள் செய்யும் நூலகம்) போய்விட்டது. காலமுக்குள் (Column, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் பெட்டி) லிஸ்ட்வியூ (உருளும் பட்டியல்) வைத்தால் "எல்லையில்லாத உயரம் கொடுக்கப்பட்டது" என்று சிவப்பில் திட்டுகிறதாம்.

குறிப்பு 3ஐ மறுபடி படியுங்கள். காலம் தன் குழந்தையிடம் "எவ்வளவு வேண்டுமானாலும் உயரமாக இரு" என்கிறது. லிஸ்ட்வியூவோ "எனக்கு எவ்வளவு இடம் தருகிறாயோ அதை முழுக்க எடுத்துக்கொள்கிறேன்" என்கிறது. முடிவில்லாததை முழுக்க எடுத்துக்கொள்வது எப்படி? ஃப்ளட்டர் உடனே கத்துகிறது. எக்ஸ்பேண்டட் ஒன்றைச் சுற்றினால் காலம் மிச்ச இடத்தை அளந்து கொடுக்கும். ஷ்ரிங்க்ராப் ட்ரூ என்று ஒரு குறுக்கு வழி உண்டு. அது ஜன்னலைச் சரக்கின் அளவுக்கு இழுப்பது, எல்லா வரிசையையும் உருவாக்கிவிடும். பத்து வரிசைக்குப் பரவாயில்லை.

விண்டோஸின் டபிள்யூபிஎஃப் நூலகத்தில் ஸ்டாக்பேனலுக்குள் ஸ்க்ரோல்வியூவர் வைத்தால் இதேதான், ஆனால் அது கத்தாது. பேசாமல் நீண்டு விண்டோவுக்கு வெளியே போய்விடும். கிரிட்டில் நட்சத்திர உயரம் கொடுத்த வரிசையில் வையுங்கள். வலைப்பக்கங்களின் சிஎஸ்எஸ்ஸில் ஃப்ளெக்ஸ் பெட்டிக்குள் ஓவர்ஃப்ளோ ஆட்டோ போட்டும் உருளாதவர்கள், அதை ஃப்ளெக்ஸ் குழந்தைக்கே போட்டீர்களா, அதற்கும் உள்ளேயா என்று பாருங்கள். ஃப்ளெக்ஸ் குழந்தை தன் சரக்கை விடச் சிறுத்துப் போக இயல்பாக மறுக்கும், ஓவர்ஃப்ளோ ஆட்டோ அதற்கே போட்டிருந்தால் மறுக்காது. ஓவர்ஃப்ளோ போட்டது அந்தக் குழந்தையில் இல்லாமல் அதற்கும் உள்ளே என்றால், நடுவில் இருக்கும் ஒவ்வொரு ஃப்ளெக்ஸ் குழந்தைக்கும் மின்-ஹைட் (min-height) 0 வேண்டும்.

கத்துகிற ஃப்ளட்டர் மேல் எனக்கு மரியாதை. நீண்டுகொண்டே போகிறவைதான் நேரத்தைத் தின்றன.

குறிப்பு 15 | 9 பிப்ரவரி, காலை 11.10

தட்டச்சு செய்யக்கூடிய 1400 வரிசை. செய்து பார்த்தாயிற்று, வேலை செய்கிறது.

கேன்வாஸே இல்லை. ஜன்னலில் 22 வரிசை கொள்கிறது என்றால் 22 வரிசை விட்ஜெட்டுகள் மட்டும். தரவு ஒரு பட்டியலில். "மேல் வரிசை எத்தனையாவது" என்று ஒரே ஒரு எண். அந்த எண் மாறும்போது 22 வரிசைகளும் பட்டியலிலிருந்து புது மதிப்பை வாங்கிக்கொள்ளும். எதுவும் நகர்வதில்லை, நகர்ந்த மாதிரி இருக்கும்.

ஸ்க்ரோல்பாரை நாமே ஓட்ட வேண்டும். அதன் கமாண்ட் நம் செயற்கூறு. அழைப்பு இரண்டு விதமாக வரும்: மூவ்டூ என்ற சொல்லும் ஒரு பின்னமும், அல்லது ஸ்க்ரோல் என்ற சொல்லும் ஒரு எண்ணும் யூனிட்ஸ் அல்லது பேஜஸ் என்ற சொல்லும். எண்களும் எழுத்துச் சரமாகத்தான் வரும், ஃப்ளோட் ஆக்காமல் பெருக்கப் போய் நான் ஒரு தடவை விழுந்தேன். புது மேல் வரிசையைக் கணக்கிட்டு, 0க்கும் 1378க்கும் நடுவில் அடைத்து, பிறகு செட் வழியாக இரண்டு பின்னங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால் கட்டை கையோடு வராது, ஒரே இடத்தில் நிற்கும்.

பிக்சல் பிக்சலாக வழுக்காது, வரிசை வரிசையாகத் தாவும். படிவத்துக்கு அது போதும் என்பது என் கருத்து.

குறிப்பு 16 | 9 பிப்ரவரி, மதியம் 12.30

டேப் கீயை மறந்தே போனேன். கேன்வாஸ் முறையில் டேப் அழுத்திக்கொண்டே போனால் கர்சர் ஜன்னலுக்குக் கீழே இறங்கி மறைந்துவிடும், படிவம் பின்தொடராது. க்யூஸ்க்ரோல்ஏரியா இதைத் தானாகச் செய்யும், டிகேயில் நாம்தான். என்ட்ரியின் ஃபோகஸ்இன் நிகழ்வில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்து ஒய்வியூ_மூவ்டூ. இடம் பார்க்க வின்ஃபோ_ஒய் வேண்டாம், அது நேரடிப் பெற்றோரை வைத்துச் சொல்லும், வரிசைக்கு ஒரு ஃப்ரேம் என்று வைத்திருந்தால் எப்போதும் 2, 3 என்றுதான் வரும். என்ட்ரியின் வின்ஃபோ_ரூட்ஒய்யிலிருந்து பெரிய ஃப்ரேமின் வின்ஃபோ_ரூட்ஒய்யைக் கழியுங்கள்.

குறிப்பு 17 | 13 பிப்ரவரி, இரவு 9.45

குறிப்பு 15இல் "வேலை செய்கிறது" என்று எழுதியிருந்தேன். கேட்டவர் அதை அப்படியே எடுத்து ஓட்டிவிட்டு எழுதியிருக்கிறார்: 40ஆவது வரிசையில் பாதி தட்டிவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றினால், தட்டியது காணாமல் போகிறது. கர்சர் மட்டும் அதே இடத்தில் நின்று, இப்போது 43ஆவது வரிசையில் துடித்துக்கொண்டிருக்கிறது. கவனிக்காமல் தொடர்ந்து தட்டினால் மிச்சப் பாதி 43இல் போய் விழுகிறது.

சரியான புகார். விட்ஜெட்டை மறுபடி பயன்படுத்தும்போது மதிப்பு மாறுகிறது, ஃபோகஸ் மாறுவதில்லை, ஏனென்றால் விட்ஜெட் அதேதான். குறிப்பு 9இல் சொன்ன அலுவலகத்துக்கு மட்டும் இதை அனுப்பியிருந்தால் என்னை உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள்.

மேல் வரிசை எண்ணை மாற்றுவதற்கு முன்பே, ஃபோகஸ் உள்ள என்ட்ரியின் எழுத்தைப் பழைய எண்ணில் பட்டியலில் எழுதிவிடுங்கள். ஃபோகஸ்அவுட்டுக்குக் காத்திருக்கக் கூடாது, அது வரவே வராது. பிறகு எந்தத் தரவு வரிசை ஃபோகஸில் இருந்தது, கர்சர் எத்தனையாவது எழுத்தில் இருந்தது என்று இரண்டையும் குறித்துக்கொண்டு, ஃபோகஸை வெளிச் சட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். அந்த வரிசை ஜன்னலுக்குள் இன்னும் இருந்தாலோ, பிறகு திரும்பி வந்தாலோ, அதைக் காட்டும் விட்ஜெட்டுக்கு ஃபோகஸையும் கர்சரையும் திருப்பிக் கொடுங்கள். வெளியே போயிருக்கும்போது யாராவது ஒரு எழுத்தைத் தட்டினால், முதலில் அந்த வரிசைக்கு உருட்டிவிட்டு அங்கே எழுத்தைப் போடுங்கள்.

40இல் தட்டி, 300க்கு உருட்டி, அங்கிருந்தே ஒரு எழுத்தை அழுத்திப் பார்த்தேன். படிவம் திரும்பி 40க்கு வந்து நின்றது, எழுத்து அதன் இடத்தில் இருந்தது.